சேகர் மச்சானின் காரில் ஒரு மஞ்சள் முடிச்சு

அந்த எண்ணம் எனக்குத் தோன்றியபோது நான் கோழி எச்சத்தின் மேல் நின்றுகொண்டிருந்தேன். தங்கள் பெரிய திட்டங்கள் பிறந்த இடத்தைப் பற்றி மற்றவர்கள் எழுதும்போது மலையுச்சி, கடற்கரை என்று எழுதுகிறார்கள். எனக்கு வாய்த்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய தோட்டத்துப் புகைக்கூடு. ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகை போட்ட அந்தக் கட்டடத்தில் இப்போது சேகர் மச்சானின் கூட்டாளி ஒருவர் கோழி வளர்த்தார். கோழிகளுக்கு நடுவில், கிழிந்த தார்ப்பாய்க்கு அடியில், அது படுத்திருந்தது.

இரண்டே கதவு, இரண்டே இருக்கை, என் இடுப்பு உயரம்கூட இல்லாத ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார். என்னைவிட வயதில் மூத்தது. (மரியாதையாக 'அவர்' என்றே எழுதலாம். ஆனால் பிறகு செய்த காரியத்துக்கு 'அது' போதும்.) முன்விளக்குகள் வெளியே தெரியாது. சுவிட்சைத் தட்டினால் தவளைக் கண்கள் போல மேலே எழும்பும். சேகர் மச்சான் தன் லாரி பேட்டரியிலிருந்து கம்பி இழுத்துக் கொடுத்துச் சுவிட்சைத் தட்டினார். இரண்டு கண்களும் உறுமிக்கொண்டே எழுந்து என்னைப் பார்த்தன. கோழிகள் சிதறி ஓடின. நானும் கூடவே ஓடியிருக்க வேண்டும்.

சேகர் மச்சான் என் அக்காவின் கணவர். வீடு புந்தோங்கில், வேலை லாரி ஓட்டுவது. கல்யாணத்துக்கு முன்பு ஆசைப்பட்டு வாங்கிய காரைக் கல்யாணத்துக்குப் பிறகும் கொஞ்ச காலம் ஓட்டிவிட்டு, பழுது பார்த்து மாளாமல் இங்கே கொண்டுவந்து போட்டிருந்தார்.

"எடுத்துக்க லா மச்சான். புள்ள வரப்போவுது, இனிமே இதோட மல்லுக்கட்ட எனக்கு ஏது நேரம்?"

அப்போதுதான் அந்த எண்ணம். அக்காவுக்கு இது முதல் பிரசவம். அடுத்த மாதம் புந்தோங்கில் வளைகாப்பு. அது முடிந்த கையோடு பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது எங்கள் வழக்கம். அதற்குள் இந்தக் காரைச் சரிசெய்து, அக்காவை இதில்தான் எங்கள் வீடு இருக்கும் குனோங் ராபாட்டுக்கு அழைத்து வர வேண்டும். மாதம் நிறைந்த பெண், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கும் இருக்கையில் எப்படி உட்காருவாள், உட்கார்ந்தால் எப்படி எழுவாள் என்பதையெல்லாம் நான் யோசிக்கவில்லை. நான் படித்தது இயந்திரப் பொறியியல். அது வேறு பிரிவு.

கார் வீட்டு வாசலுக்கு இழுத்து வரப்பட்டதும் அம்மா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு கேட்டார்:

"சும்மாவா குடுத்தாரு?"

"சும்மாதான் மா."

"ஏன் சும்மா குடுத்தாரு?"

எங்கள் வீட்டைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். என் அம்மா பால் பாக்கெட்டை வாங்கினால் கடைக்காரர் எதிரிலேயே முகர்ந்து பார்ப்பவர். அப்படிப்பட்டவருக்குச் சேகர் மச்சான் மருமகனாக வாய்த்தார். மச்சானிடம் அம்மா கண்ட குறை, அவர் அதிகம் சிரிக்கிறார் என்பது. அதோடு போயிருக்கும். ஆனால் மச்சானின் அம்மா ஒருமுறை, ஆஸ்பத்திரி இங்கிருந்து பக்கம்தானே, பிரசவம் இங்கேயே ஆகட்டுமே என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அன்றிலிருந்து புந்தோங்கிலிருந்து வரும் முறுக்கைக்கூட அம்மா உடைத்து உள்ளே பார்த்துவிட்டுத்தான் வாயில் போட்டார். மகளை அனுப்பாமல் வைத்துக்கொள்ள அவர்கள் ஏதோ செய்யப் போகிறார்கள் என்பது அவர் கட்சி.

நான் அம்மாவைக் கேலி செய்வேன். (எனக்குள்ளும் ஓடுவது அதே ரத்தம்தான் என்பது பின்னால் தெரிந்தது.) இத்தனைக்கும் என் பிழைப்பே சந்தேகம்தான். ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை. ரப்பர் கையுறையில் தண்ணீரை நிரப்பித் தொங்கவிட்டு, எங்கே ஒழுகும், எங்கே ஒழுகும் என்று பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். அதற்குச் சம்பளம்.

அந்தக் காருக்கு அசல் உதிரிப் பாகம் வாங்குவது என்றால் நான் கல்யாணம் செய்துகொள்ளும் யோசனையைக் கைவிட வேண்டியிருக்கும். ஆகவே கிடைத்ததை வைத்துச் செய்தேன். கதவின் ரப்பர் விளிம்புக்கு மோட்டார்சைக்கிள் டியூப். ரேடியேட்டரின் உபரித் தண்ணீர் வந்து சேரும் டப்பா உடைந்திருந்ததால் அந்த இடத்தில் ரோஸ் சிரப் போத்தல். (கழுவித்தான் வைத்தேன். இருந்தாலும் என்ஜின் சூடானால் கல்யாண வீட்டு வாசனை வரும்.) புகைக்குழாய் இணைப்பில் மத்தி மீன் டின்னை வெட்டித் தகடாகப் போட்டேன். கண்ணாடி இறக்கும் கைப்பிடிக்குப் பதில் பழைய அடுப்பின் குமிழ். அதில் 'சிம்' என்று எழுதியிருந்தது. பிய்ந்துபோன ஒரு ரப்பர் உறைக்குத் தொழிற்சாலையில் கழித்துப்போட்ட கையுறை விரல் அளவெடுத்ததுபோல் பொருந்தியது. இருக்கைகளில் ஊறியிருந்த புகைக்கூட்டு நாற்றத்துக்கு மட்டும் என்னிடம் மருந்து இல்லை.

கார் ஓடியது. குனோங் ராபாட்டுக்குள் நாலு தெரு சுற்றினால் நன்றாகவே ஓடியது. ஆனால் புந்தோங் நோக்கிப் புறப்பட்டால் பாதி வழியில், ஒரே சாலை விளக்குக்குப் பக்கத்தில், ஒவ்வொரு முறையும் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத் தானே கிளம்பும். வீட்டுப் பக்கம் திருப்பினால் ஒழுங்காக வந்து சேரும்.

அம்மா இதைக் கேட்டுவிட்டுக் கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்தினார்.

"அந்தப் பக்கம் போனா மட்டும் நிக்குது. நல்லா பாரு தம்பி. உள்ள என்னமோ இருக்கு."

வேறு எந்தப் பக்கமும் நான் அவ்வளவு தூரம் ஓட்டிப் பார்த்ததே இல்லை, அந்தத் தூரத்தில் சிரப் போத்தல் நிரம்பி வழிந்து என்ஜின் சூடாகிறது என்பது ஒரு பள்ளிப் பிள்ளைக்குத் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை. நான் உள்ளே தேடினேன்.

டேஷ்போர்டைக் கழற்றியபோது அது தெரிந்தது. வயர்களுக்கு நடுவில், யாரும் கை விட முடியாத மூலையில், சுண்டுவிரல் அளவில் ஒரு முடிச்சு. மஞ்சள் துணி. அதைச் சுற்றி நெருக்கமாக, நேர்த்தியாக ஒரு தையல். மேலே கறுப்புக் கயிறு. தையலில் சிக்கிய ஒரு நீளமான முடி. இரண்டு பக்கமும் ஒவ்வொரு வயர் உள்ளே போயிற்று.

இந்த இடத்தில் நான் பொறியியல் படித்தவன் என்பதை வாசகர்கள் மறந்துவிட்டால் நன்றி உடையவனாக இருப்பேன். மின்சாரக் கம்பி ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் வெளியே வருகிறது. இதைப் பார்த்து நான் கண்ட முடிவு: செய்வினையைக் காருக்குள் சும்மா வைக்கவில்லை, வயரிங்கோடு இணைத்திருக்கிறார்கள். கார் முழுக்கப் பரவட்டும் என்று.

அம்மாவைக் கூப்பிட்டேன். அவர் தொடாமல் குனிந்து பார்த்தார். உள்ளே போய் அக்காவின் பழைய சீப்பை எடுத்து வந்து, அதிலிருந்த முடியையும் இந்த முடியையும் பக்கத்தில் பிடித்தார். ஒரே நீளம். ஒரே சுருள்.

"இது சும்மா ஆளு தைச்ச தையல் இல்ல. கை தேர்ந்தவங்க வேலை. எங்கயோ ஆள் வச்சு செஞ்சிருக்காங்க."

பிறகு சந்தேகம் பிடித்துக்கொண்டது பாருங்கள், எனக்கும். மச்சான் ஏன் இவ்வளவு சிரிக்கிறார்? காரைக் கொடுத்த அன்று, டேஷ்போர்டைத் தொடாதே, அந்தப் பக்கம் எல்லாம் நல்லா இருக்கு என்று ஏன் சொன்னார்? நான் சரிசெய்த அத்தனையும் தகராறு செய்யும்போது அவர் விட்டுப்போன முன்விளக்குகள் மட்டும் ஏன் ஒருநாளும் மக்கர் செய்ததில்லை? தொலைபேசியில் அவர் "காடி எப்படி மச்சான்?" என்று காரைப் பற்றிக் கேட்டால், எதற்குக் கேட்கிறார் என்று யோசித்துவிட்டு, "இருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

கோவிந்தண்ணன் வரவழைக்கப்பட்டார். வாரநாளில் பள்ளிக்கூடக் காவலர், வெள்ளிக்கிழமை மாலையில் எங்கள் முனியாண்டி கோயில் பூசாரி. காவலர் சீருடையிலேயே வந்துவிட்டார். வந்தவர் முடிச்சைப் பார்ப்பதற்கு முன் காரின் மற்ற பாகங்களைப் பார்க்க ஆரம்பித்ததுதான் பிசகு. மத்தி டின்னைக் காட்டி இது என்ன என்றார். நான் வைத்தது என்றேன். கையுறை விரல்? அதுவும் நான். துருவேறிச் சிவந்த தண்ணீர் ஒட்டியிருந்த போத்தலைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கினார். அதுவும் நான்தான் அண்ணே என்றேன்.

"தம்பி, இந்தக் காடியில எது செய்வினை, எது உன் வேலைன்னு எனக்கே புடிபடல லா" என்றார் வருத்தமாக.

ஆனாலும் முடிச்சைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. பெரிய கை என்றார். வெட்டி எடுத்து ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும். எடுத்த இடம் காலியாக இருக்கக் கூடாது. ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்து அடைக்க வேண்டும். நான் வெட்டினேன். எலுமிச்சம்பழத்தை அந்த மூலையில் செருகினேன். பழம் நழுவாமல் இருக்க, வெட்டுப்பட்ட இரண்டு வயர் நுனிகளையும் இரண்டு பக்கமாகப் பழத்தில் குத்தி நிறுத்தினேன். (நான்கு வருடப் படிப்பு.) முடிச்சை ஆற்றில் விடுவதாகச் சொல்லி அம்மா வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு பகலில் மட்டும் ஓட்டியதால் முன்விளக்குகளின் நினைவே எனக்கு வரவில்லை. கோவிந்தண்ணன் வந்துபோன மறுநாள் சிரப் வாசனை தாங்காமல் போத்தலை மாற்றிப் பெரியதாக வைத்தேன். கார் புந்தோங் வரை நிற்காமல் போயிற்று. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும் என்று அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

வளைகாப்பு நல்லபடியாக நடந்தது. அக்கா இரண்டு கையிலும் முழங்கை வரை வளையலும் கன்னத்தில் சந்தனமுமாக உட்கார்ந்திருந்தாள். அம்மா சம்பந்தியம்மாவைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் கையுறையில் பார்த்திருந்தால் கழித்துப்போட்டிருப்பேன். சேகர் மச்சான் என் தோளில் கை போட்டு, சாப்பிட்டியா என்று கேட்டார். நான் அவர் பரிமாறிய பாயசத்தை அவர் முதலில் குடிக்கும்வரை தொடவில்லை. அப்படி ஆகிவிட்டிருந்தேன்.

புறப்படும் நேரம் வந்தது. பின்மதியம், மழை கட்டி வானம் கறுத்திருந்தது. அப்பா சீர்த் தட்டுகளோடு சித்தப்பாவின் வேனில் ஏறினார். அம்மாவும் அதில் வருவதாக ஏற்பாடு. மச்சானும் நானும் அக்காவை இரண்டு பக்கமும் பிடித்து, நிறைகுடத்தை இறக்குவது போலக் காருக்குள் இறக்கினோம். "தம்பி, ரோட்டு மேலயே உக்காந்த மாதிரி இருக்குடா" என்றாள். கூடாரத்தை விட்டு எல்லாரும் வாசலுக்கு வந்து நின்றார்கள்.

இருட்டாக இருக்கிறதே என்று விளக்குச் சுவிட்சைத் தட்டினேன்.

இடது கண் எழுந்தது. பாதியில் நின்று இறங்கியது. வலது கண் எழுந்தது. பிறகு இரண்டும் மாறி மாறி. வரிசையாக நின்றிருந்த பெண்களைப் பார்த்து அந்தக் கார் நிறுத்தாமல் கண்ணடித்தது. ஓர் அத்தை சேலையை இழுத்துவிட்டுக்கொண்டார். கூடவே ஹாரன் தானாக அலற ஆரம்பித்தது. டேஷ்போர்டின் இடுக்கிலிருந்து மெல்லிய புகை வந்தது, ஊறுகாய் தாளிக்கும் வாசனையோடு.

மச்சான் ஓடிவந்தார். என்னைத் தள்ளிவிட்டுத் தலைகீழாக உள்ளே புகுந்து கையை விட்டு எதையோ பிடுங்கினார். ஹாரன் நின்றது. அவர் கையில் பாதி வெந்த, கறுத்த எலுமிச்சம்பழம் இருந்தது. பழம் இளகி, வயர் நுனிகள் இரண்டும் அதற்குள் தொட்டும் விட்டும் விளையாடியிருக்கின்றன. சாறு வழிந்து ஹாரன் ரிலேக்குள் இறங்கியிருக்கிறது.

"என்னா மச்சான் இது?"

"எலுமிச்சம்பழம்."

"அது தெரியுது லா. இங்க நான் வச்சிருந்தது எங்க?"

இதற்காகவே காத்திருந்தவர் போல அம்மா வேனிலிருந்து இறங்கினார்.

"கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்? அவர் வாயாலேயே சொல்லிட்டாரு."

கைப்பையைத் திறந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தார். உள்ளே அந்த மஞ்சள் முடிச்சு. ஆற்றில் விடவில்லை. ஆதாரம் வேண்டும் என்று வைத்திருக்கிறார். (எனக்கே சொல்லவில்லை. என்னையும் நம்பவில்லை.) என் மகளை என் வீட்டுக்கு வரவிடாமல் செய்ய வண்டியில் இதை வைத்தது யார் என்று கேட்டார்.

சம்பந்தியம்மா முன்னால் வந்து டப்பாவை வாங்கினார். பயப்படாமல் தையலைப் பிரித்தார். மஞ்சள் துணிக்குள்ளிருந்து ஒரு வெள்ளித் தாயத்து வந்தது. கயிறு கோக்கும் காது இரண்டும் அராவி எடுக்கப்பட்டு, மொழுமொழுவென்று. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் திரும்பியது எங்கள் பக்கம் இல்லை. தன் மகன் பக்கம்.

"பங்கோர் கடல்ல குளிக்கறப்ப கழண்டு விழுந்துருச்சுன்னு சொன்னியே சேகரு."

மச்சானின் சிரிப்பு முதல் தடவையாக நின்றது. பிறகு விஷயம் துண்டுதுண்டாக வந்தது. அந்தக் காரில் முன்விளக்குகளுக்குப் பழைய காலத்துக் கண்ணாடிக் குழாய் ஃபியூஸ். எத்தனை போட்டாலும் எரிந்துபோனது. ஒருநாள் மழையில் வழியில் நின்றபோது கழுத்தில் கிடந்த தாயத்தைப் பார்த்திருக்கிறார். அதே நீளம், அதே பருமன். ஃபியூஸ் இருந்த இடத்தில் வைத்தார், விளக்கு எழும்பியது. அப்புறம் எரியவே இல்லை.

"சக்தி உள்ள தாயத்து மா" என்றார் தன் அம்மாவிடம், ஏதாவது நல்லதாகச் சொல்லவேண்டுமே என்று.

எரியாமல் இருப்பது ஃபியூஸ் இல்லை என்று நான் சொல்ல வாயெடுத்தேன். எலுமிச்சம்பழத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். மத்தி டின்னும் சிரப் போத்தலும் வைத்தவன் நான். இன்னொருவன் வைத்த மத்தி டின்னை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

ஆனால் அம்மா விடுவதாக இல்லை. சரி, தாயத்து அவருடையது. அந்த மஞ்சள் துணி எதற்கு? கறுப்புக் கயிறு எதற்கு? இப்படி ஒரு தையல் போட்டுக் கொடுத்தது யார்?

"தையல் என்னோடது மா."

குரல் கீழேயிருந்து வந்தது. அக்கா காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். அத்தனை பேரும் குனிந்து பார்த்தோம்.

"டேப் சுத்துனா சூட்டுல ஒழுகுதுன்னு சொன்னாரு. தைப்பூச வேட்டித் துணி மிச்சம் இருந்துச்சு, தைச்சு, தாயத்துக் கயித்தாலயே கட்டிக் குடுத்தேன். நீ சொல்லிக் குடுத்த தையல்தான்."

அம்மா பிரித்த துணியை வாங்கிக் கண்ணருகே பிடித்தார். மழையின் முதல் துளிகள் காரின் கூரைமேல் விழுந்தன.

"நான் இப்ப வரல மா" என்றாள் அக்கா. கத்தவில்லை. "என் வீட்டுக்காரரு எனக்கு மந்திரம் வச்சிருப்பாருன்னு நினைச்சிட்டு என்னை எப்படி மா கூட்டிட்டுப் போவ? நான் இங்கயே பெத்துக்கறேன். பாக்கணும்னா நீ வா."

இப்படிச் சொன்ன ஒருத்தி அந்த வேகத்திலேயே எழுந்து வீட்டுக்குள் போயிருக்க வேண்டும். அக்காவால் எழ முடியவில்லை. ஒருமுறை முயன்றாள், வளையல்கள் குலுங்கின, மறுபடியும் பள்ளத்தில் விழுந்தாள். மச்சான் ஒரு கை, நான் ஒரு கை, பக்கத்து வீட்டுக்காரர் பின்னாலிருந்து இருக்கையைச் சாய்க்க, என் அக்காவின் கோபம் தவணை தவணையாக வெளியே எடுக்கப்பட்டது. அவள் சிரித்துவிடாமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள் என்று மச்சான் இன்றும் சொல்கிறார். நான் பார்த்தவரை அவள் கண் நிறைந்திருந்தது.

காரைப் புந்தோங்கிலேயே விட்டுவிட்டு, வேனில் காலித் தட்டுகளுக்கு நடுவில் வீடு திரும்பினோம். வழி முழுக்க அம்மா ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார்.

"நான் சொல்லிக் குடுத்த தையலு, எனக்கே தெரியலயே."

பிரசவத்துக்கு அம்மாதான் புந்தோங் போனார். சம்பந்தி வீட்டில் போய்த் தங்குவதா என்று ஒரு வாரம் சுவரைப் பார்த்துப் பேசிவிட்டு, ஒரு காலையில் பையோடு வாசலில் வந்து நின்றார். முதல் சில நாட்கள் அங்கேயும் முகர்ந்து பார்த்துத்தான் சாப்பிட்டாராம். சம்பந்தியம்மாவும் தன் சமையலறையில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். பெண் குழந்தை பிறந்தது. பத்தியச் சாப்பாட்டின் நடுவே எப்போதோ இரண்டு பேரும், தங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை, ஆபத்து எல்லாம் திருகுளி வைத்திருக்கும் ஆண்களால்தான் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவர்கள் ஒரே கட்சி. பத்தியம் முடிந்து அக்கா குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்தபோது இரண்டு அம்மாக்களும் வாடகைக் காரின் பின்னிருக்கையில் அவளுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து வந்தார்கள்.

எங்கள் வீட்டில் இப்போது மின்விசிறி நின்றாலும், தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டாலும், யாராவது ஒருவர் என்னைப் பார்த்து, "உள்ள பழம் ஏதும் வச்சியா?" என்பார்கள். கோவிந்தண்ணன்கூட விபூதி கொடுக்கும்போது கேட்கிறார். அவருக்கு அந்த உரிமை கிடையாது என்பது என் கருத்து.

கார் மறுபடி எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. முறையான ஃபியூஸ் போட்டால் இன்னும் எரிகிறது. எங்கோ ஒரு வயர் தேய்ந்து காரின் இரும்பு உடம்பைத் தொடுகிறது. மச்சான் நான் வைத்த வேலைகளைச் சந்தேகப்படுகிறார், நான் அவர் வைத்தவற்றை. ஆகவே வரும் சனிக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து மொத்த வயரிங்கையும் உருவி எடுத்து, தரையில் பரப்பி, ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறோம். அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்காரப் போவதாக இப்போதே அறிவித்துவிட்டார். மருமகனுக்குக் காபி கொடுக்கவும், என்னைக் கண்காணிக்கவும்.